ஈரம் காயும்வரை

தேய்த்துப் போகாத கறை என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்பது பளிச்சக்காவின் கட்சி. மாணவர் விடுதிச் சமையற்கட்டில் ஆள் உள்ளே இறங்கி உட்காரும் அளவுக்குப் பெரிய அண்டாக்களைத் தேய்க்கிற வேலை அவளுக்கு. அடிப்பிடித்த பாலோ கருகிய வெங்காயமோ, பச்சை நாரையும் பொடியையும் வைத்துக்கொண்டு ஒரு கை பார்த்துவிடுவாள். அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் சமையல்காரர் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வார். பளிச்சக்கா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் தேவைப்பட்டது.

அவள் வீட்டுக்காரரைத் தெருவில் ரத்தக்காரர் என்பார்கள். கத்தி எடுத்த ஆளோ என்று புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்ததுண்டு. மனுஷன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத பிராணி. ஏரிக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்து வைத்த ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, பொழுது சாய்வதற்குள் டவுன் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவர் உத்தியோகம். காலையில் போகும் வழி வேறு, மாலையில் வரும் வழி வேறு. வரும் வழி ஏரிக்கரை ரோடு. கரைமேல் நேராக மேற்கே பார்த்து ஓடும். ஒரு மரம் கிடையாது. இறங்குகிற வெயில் மூஞ்சியில் அடிக்கும், ஏரியிலிருந்து எழும்பும் பூச்சிகள் மூஞ்சியில் வந்து மோதும். தினம் அவர் வீடு வந்து சேரும்போது ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு படை செத்துக் காய்ந்து கிடக்கும்.

அதை எடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கை துடைக்கும் பருத்தித் துணியை நனைத்து, கண்ணாடிமேல் போர்த்திவிட்டு, டீ குடிப்பார். மகள் பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் சொல்லி முடிப்பாள். அப்புறம் துணியை மெல்ல உரித்தால் பூச்சியெல்லாம் ஊறித் துணியோடு வந்துவிடும். தேய்க்கவே மாட்டார்.

"செத்த பூச்சிக்குப் போர்வை போத்தித் தூங்க வைக்கிறாரு உங்கப்பா" என்று பளிச்சக்கா மகளிடம் சொல்வாள். "என்கிட்ட குடுத்தா ரெண்டு சுத்து. முடிஞ்சிது கதை."

"உன் கை அண்டாவுக்கு ஆவும். இதுக்கு ஆவாது" என்பார் அவர்.

போன மாதம் அந்தப் பூச்சியே வினையாக முடிந்தது. ஒருநாள் பாதி வழியிலேயே கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பி வழி தெரியாமல் போக, அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார். வண்டு ஒன்று நேராகக் கண்ணில் அடித்தது. வண்டி தடுமாறிக் கரையோரக் கல்லில் உரசி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் ஏரி. இட்லிப்பானை மூடி மாதிரி வீங்கிய கண்ணோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் பளிச்சக்காவுக்கு வந்த பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது. கத்தித் தீர்த்தாள். அவர் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தாள்.

"வண்டி ஓடும்போது இனிமே கண்ணாடியத் தூக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"பூச்சி அப்பிக்கிட்டா என்னடி பண்றது?"

"நிறுத்துங்க. துடைங்க. எறங்கி நடந்து வாங்க. தூக்கக் கூடாது."

அவர் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, "ஒரு வார்த்தை வலிக்குதான்னு கேக்கல நீ" என்றார். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்துச்சா என்பதற்குமேல் இருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மகள் ஒருத்திதான் இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோனாள். வலிக்கிறதா என்று கேட்காமல் போனது பளிச்சக்காவுக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. இப்போது போய்க் கேட்டால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று கேட்காமலே இருந்தாள்.

நேற்று அவர் அசதியில் துணி போர்த்தாமலே படுத்துவிட்டார். காலையில் கண்ணாடி முழுக்கப் பூச்சி கெட்டிப்பட்டுக் கிடந்ததைப் பளிச்சக்கா பார்த்தாள். சமாதானத்துக்கு அவளிடம் இருந்தது அவள் கை ஒன்றுதான். மகளின் மூக்குக் கண்ணாடியிலும் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டையும் ஒரே பேசினில் போட்டாள். பச்சை நார், பொடி. மூக்குக் கண்ணாடியை முதலில் முடித்ததும் மகள் சொட்டச் சொட்டப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்கு ஓடினாள். பிறகு ஹெல்மெட். சுற்றிச் சுற்றித் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஈரத்தோடு வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அடேயப்பா. கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கு."

"இருங்க, துடைச்சுத் தரேன்."

"வேணாம். காத்துல காஞ்சிடும்."

சிரித்தார். சண்டைக்கு அப்புறம் முதல் சிரிப்பு. பளிச்சக்காவுக்கு அந்த நாள் பூராவும் கால் தரையில் பாவவில்லை. விடுதியில் அன்றைக்கு அவள் தேய்த்த அண்டாவுக்குள் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு ஓட்டை விழுந்துடும் போலிருக்கே" என்றார்.

சாயங்காலம் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டபோது அவள் முட்டையை வேகப் போட்டிருந்தாள். மகள் உள்ளே வந்ததும் பையை எறிந்தாள்.

"அம்மா, என் கண்ணாடிய என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஏன்டி? பளபளன்னு இருந்துச்சே."

"ஈரமா இருந்தவரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. காஞ்சதும் ஒரே புகை. ஜன்னல் பக்கம் திரும்பினா எல்லாம் வெள்ளை. டீச்சர் எங்க நிக்கிறாங்கன்னே தெரியல. நீயே போட்டுப் பாரு!"

பளிச்சக்கா போட்டுப் பார்த்தாள். அடுப்பு தெரிந்தது, முட்டை கொதிப்பது தெரிந்தது. மகள் அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். சாய்ந்த வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. தெரு இல்லை. எதிர்வீட்டுச் சுவர் இல்லை. மாவு கொட்டிய மாதிரி வெறும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றிச் சாய்த்துப் பிடித்தாள். இழை இழையாக, வட்டம் வட்டமாகக் கீறல்.

"உங்கப்பா ஹெல்மெட்டு!" என்றாள்.

போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது அவர் போன் பைக்குள் கிடக்கும். கடைசி ஆஸ்பத்திரி நர்ஸின் நம்பர் இருந்தது. அந்தப் பெண் உடனே எடுத்தாள்.

"அவர் இப்பதாங்க கெளம்பினாரு. ஏன், என்னாச்சு?"

"ஹெல்மெட்டு பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

"அத ஏன் கேக்கறீங்க! தண்ணி கேட்டாரு, குடுத்தேன். கழுவிட்டு நல்லாருக்குன்னு போனாரு. வாசல் தாண்டல, திரும்பி வந்து மறுபடியும் கழுவினாரு. கொஞ்ச நேரம் உக்காந்து வெயில் எறங்கினதும் போங்கண்ணேன்னு சொன்னேன். பச்சக் குழந்தை ரத்தம் ஒண்ணு இருக்குங்க இன்னிக்கு. பொறந்து மூணு நாளு, உடம்பெல்லாம் மஞ்சளா இருக்கு. அது சீக்கிரம் போவணும்னு ஒரு பாட்டில் தண்ணிய வாங்கிட்டுக் கெளம்பிட்டாரு."

பளிச்சக்கா அடுப்பை அணைத்தாள். வேன் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. செருப்பில்லாமல் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

வேன்காரக்காவுக்குத் தொண்டையே ஹாரன். பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, யாரோடு பேசினாலும் அதட்டல்தான். "ஏன்டி, சாகணும்னா வேற வண்டி கெடைக்கலையா?" என்றாள். பளிச்சக்கா சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "ஏறு" என்றாள்.

வேன் ஏரிக்கரைமேல் ஏறியது. வெயில் முதுகுக்குப் பின்னால் போயிற்று. எதிரே ரோடு துடைத்து வைத்த மாதிரி தெளிவாகக் கிடந்தது. ஒரு கூழாங்கல்கூடத் தனியாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர் படும் பாடு தெரியவே தெரியாது. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து உரசுகிற மாதிரி தாண்டிப் போனது.

"தெரியலன்னா கண்ணாடியத் தூக்கிவிட்டுட்டு ஓட்டிட்டு வருவாருடி. சின்னப் புள்ளையா அவரு?"

"தூக்க மாட்டாருக்கா."

"ஏன்?"

"என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கேன்."

வேன்காரக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். "நல்லா வாங்கின போ. கையையும் கட்டிட்டு, கண்ணையும் கட்டிட்டு, வாய்யான்னு விட்டிருக்கே."

"ரோட்டப் பாத்து ஓட்டுக்கா."

"நான் பாத்துக்கறேன். நீ அழுவறதுன்னா அழுது முடிச்சிடு. அங்க போய் அழுதா அந்தாளு பயந்துடுவாரு."

"அழல."

"அப்ப மூக்கத் தொடச்சுக்கோ."

முன்கண்ணாடியில் பூச்சிகள் பட் பட்டென்று அடிக்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் பொட்டு. வேன்காரக்கா வைப்பரைப் போட்டாள். பொட்டெல்லாம் சேர்ந்து கோடாக இழுபட்டது. பளிச்சக்கா வலது பக்கம் ஏரியையும் இடது பக்கம் வயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரில் வந்த வண்டிகளில் ஒன்றும் அவருடையது இல்லை.

நடுக்கரையைத் தாண்டியதும் அது தெரிந்தது. ஓரக் கல்லில் சாய்ந்து நின்ற மோட்டார் சைக்கிள். பின்னால் வெள்ளைப் பெட்டி. ஆள் இல்லை.

வேன் நிற்பதற்குள் குதித்தாள். பெட்டி கட்டினபடி இருந்தது. சாவி வண்டியிலேயே தொங்கியது. எஞ்சின் தொட்டால் சுட்டது. ரோட்டின் முன்னும் பின்னும் ஒரு ஈ காக்காய் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் சரிவாகக் கல் பாவியிருந்தது, அதற்குக் கீழே தண்ணீர்.

"என்னங்க!" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள். குரல் தண்ணீர்மேல் போய்த் தொலைந்தது. வேன்காரக்கா பின்னால் வந்து அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கல் சரிவின் விளிம்பில் ஒரு ஹெல்மெட் எழும்பியது. அப்புறம் தோள். கையில் தண்ணீர் நிரம்பிய பாட்டில். கண்ணாடி மூடியபடியே இருந்தது.

"நீ எங்க இங்க?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க... கீழ என்ன பண்ணீங்க?"

"பாட்டில்ல தண்ணி தீந்துபோச்சு." அவர் ஏறி வந்து மூச்சு வாங்கினார். "நனைச்சா கொஞ்ச தூரம் தெரியுது. காஞ்சதும் நிறுத்தி மறுபடியும் நனைக்கணும். அது ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் இன்னிக்கு மண்ணுக் காத்து. மண்ணு அடிச்சுக் கண்ணாடி கீறிப்போச்சு."

பளிச்சக்கா அவர் முன்னால் போய் நின்றாள். வெயில் பட்டு அந்தக் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. உள்ளே இருக்கும் கண் தெரியவில்லை.

"மண்ணு இல்லீங்க. நான்தான். பச்சை நாரு போட்டுத் தேய்ச்சேன். பாப்பா கண்ணாடியும் போச்சு."

வண்டிதான் நிற்கிறதே என்று நினைத்தவர்போல அவர் கண்ணாடியை மேலே தூக்கினார். வேர்த்து வழிந்த முகம். வண்டு அடித்த கண்ணில் இன்னும் ஒரு சிவப்பு இருந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"கீறல் பூரா வட்டம் வட்டமா இருக்கு. மண்ணு வட்டமாவா கீறும்? வீட்டுத் தட்டு மொத்தத்துலயும் அந்தச் சுத்துதானே. தெனம் அதுலதானே சாப்பிடறேன்."

"பின்ன எதுக்கு மண்ணுன்னு சொன்னீங்க?"

"காலையில உன் மொகத்தப் பாத்தேன்ல" என்றார். "எவ்வளவு நாளாச்சு அப்படிப் பாத்து."

பளிச்சக்கா அவர் கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். ஒரு மாதம் தாமதமாக.

"இப்பவா கேக்கறது?" என்றார். ஆனால் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

"கொஞ்சறதெல்லாம் வீட்டுல வச்சுக்குங்க" என்றாள் வேன்காரக்கா. "குழந்தை ரத்தம் இருக்குன்னு சொன்னாளே இவ."

பெட்டியை அவிழ்த்து வேனில் ஏற்றினார்கள். "நீங்க இத எடுத்துட்டுப் போங்க. நான் தள்ளிக்கிட்டே வந்துடறேன்" என்றார் அவர்.

"தள்ளிக்கிட்டு எப்ப வருவ? இருட்டிடும். இருட்டுல எதிர் லைட்டு அடிச்சா இத விட மோசம். பூச்சியும் அப்பதான் கொள்ளையா வரும்." வேன்காரக்கா இடுப்பில் கை வைத்து ரோட்டை மேற்கே பார்த்தாள். தன் வேனைப் பார்த்தாள். வேனின் நிழல் ரோட்டில் நீளமாக முன்னால் விழுந்து கிடந்தது. "நெழல்ல நின்னு பாரு. தெரியுதா?"

அவர் கண்ணாடியை இறக்கி நிழலுக்குள் போய் நின்றார். "தெரியுது. புகையா இருக்கு, ஆனா தெரியுது."

"அப்ப என் நெழல்லயே வா. மெதுவாத்தான் போவேன். நான் பிரேக்கு போட்டா நீயும் போடணும். இல்லன்னா என் பின்கண்ணாடியில ஒட்டிக்குவ, பூச்சி கணக்கா."

வேனைத் திருப்பினாள். பளிச்சக்கா கடைசி இருக்கையில் பின்பக்கம் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஐஸின் குளிர் துணியைத் தாண்டித் தொடையில் ஏறியது. எவரெவரோ பெற்ற பிள்ளைகளின் ரத்தம். அசங்கக் கூடாது என்று மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வந்துகொண்டிருந்தார். நிழலின் இரண்டு ஓரமும் பொன்னிறமாக எரிந்தது. நடுவில் ஒரு சந்து மாதிரி இருட்டு. அந்தச் சந்துக்குள் அவர் வண்டி. வேன் கொஞ்சம் இடப்பக்கம் போனால் அவரும் இடப்பக்கம் போனார். ஹெல்மெட் கண்ணாடிமேல் ஒரு பூச்சி அடித்தது, இன்னொன்று அடித்தது. அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வராரா?" என்று முன்னாலிருந்து குரல்.

"வராரு."

"வராரா?"

"வராருக்கா, நீ ஓட்டு."

"லாரி வருதுடி எதிர்ல."

பளிச்சக்கா திரும்பவில்லை. திரும்பினால் அவர் விழுந்துவிடுவார் என்று ஒரு எண்ணம். வேன் ஓரம் ஒதுங்கியது. இடது சக்கரம் தாரை விட்டு இறங்கி, கொட்டி வைத்த ஜல்லியில் கடகடவென்று ஓடியது. நிழலும் வேனோடு ஒதுங்கி ஜல்லிமேல் போனது. மோட்டார் சைக்கிள் ஜல்லியில் இறங்கினால் சறுக்கும். அவர் தாரிலேயே வந்தார். நிழல் அவர் கைப்பிடியை விட்டது, தோளை விட்டது. ஹெல்மெட் வெயிலுக்குள் வந்தது. கண்ணாடி முழுசும் கழுவிய தட்டாக வெள்ளையானது.

"தூக்குங்க!" என்று அவள் அலறினாள். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்க வழியே இல்லை. பெட்டியைப் பிடித்த கையால் பின்கண்ணாடியில் அடித்தாள். "தூக்குங்க! கண்ணாடியத் தூக்குங்க!"

லாரியின் ஹாரன் வேன் பூராவும் நிறைந்தது.

அவர் இடது கை கைப்பிடியை விட்டு எழுந்தது. கண்ணாடியைத் தூக்கியது. கண்ணைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, பூச்சி மழைக்குள் வெறும் முகத்தைக் கொடுத்துக்கொண்டு அவர் வந்தார். லாரியின் சுவர் அவர் வலது தோளுக்குப் பக்கத்தில் ஓடியது, ஓடியது, முடியவே முடியாது போல ஓடியது. பிறகு புழுதி. புழுதிக்குள்ளிருந்து அவர் வண்டி வெளியே வந்தது. வேன் தாருக்கு ஏறியது. நிழல் திரும்பி வந்து அவரை மூடியது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

பளிச்சக்கா பெட்டிமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். "வராரா?" என்று வேன்காரக்கா கேட்டாள். முதல் தடவையாக அவள் தொண்டை சின்னதாக இருந்தது.

"வராருக்கா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

பரிசோதனைக் கூடத்து ஆள் வாசலிலேயே நின்று பெட்டியை வாங்கிக்கொண்டு, குழந்தையின் குழாயைத் தனியாக எடுத்து உள்ளே ஓடினார். வேன்காரக்கா டயருக்குள் சிக்கிய ஜல்லியைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். ரத்தக்காரர் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, பளிச்சக்கா பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார்.

"சத்தியத்த மீறிட்டேன்" என்றார்.

"பாத்தேன்."

"உன் தலையில அடிச்ச சத்தியம்."

"தலை இருக்குதில்ல? அப்புறம் என்ன?"

அவர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்பினார். மறுபடியும் கொப்பளித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாயில பூச்சி போயிடுச்சா?"

"ரெண்டு. அதுல ஒண்ணு நல்லாப் பெருசு."

"அப்பவே துப்ப வேண்டியதுதானே?"

"எப்படித் துப்பறது?" என்றார் அவர். "எதிர்ல நீ என்னையே பாத்துக்கிட்டு இருக்கியே."

"அதுக்கு?"

"முழுங்கிட்டேன்."